ஏழாவது கை

6 ஜூலை 2025, ஞாயிறு

இந்த டைரியைக் கொடுத்தவர் கல்லூரி ஆசிரியர் சரவணகுமார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழிலரசி எழுதுகிறாள். நான் ஒரு மாதிரி சொல்கிறேன், அவள் அதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி ஆக்கிக்கொள்கிறாள். ஆக்கட்டும்.

குலாம் ரசூல் சார் கல்லூரி ஹாஸ்டலில் ஆரம்பித்த 'ஒரு தட்டு' மன்றத்துக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. முதல் நாள் தட்டில் உட்கார்ந்த ஏழு பேரின் பெயரையும் ஹாஸ்டல் வாசலில் கல்லில் வெட்டப்போகிறார்கள். ஆறு பெயர் கிடைத்துவிட்டது. ஏழாவது ஆள் யாரென்று தெரியவில்லையாம். அப்போது மெஸ்ஸில் சமைத்தவன் நான்.

"உங்க ஞாபகத்தைப் பத்தி ஊரே பேசுதுங்க ஐயா. மெதுவா நெனச்சுப் பாத்து இதுல எழுதி வைங்க" என்றார் சரவணகுமார்.

நினைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நினைக்க என்ன இருக்கிறது? ஏழாவது ஆள் நான்தான்.

8 ஜூலை

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. மலை பாதிதான் தெரிந்தது.

10 ஜூலை, பௌர்ணமி

சாயங்காலத்திலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கிரிவலம் போகிற கால்கள் போய்க்கொண்டே இருந்தன. முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மயக்கம் வருகிறது. எந்த வருஷத்துக் கால் என்று தெரியாமல் போகிறது. அதில் அந்த ஹாஸ்டல் பையன்களின் கால்களும் போயின.

எழுபத்தைந்தாம் வருஷம், ஆடி மாசம். ஒரே வாரத்தில் இரண்டு பையன்கள் படிப்பை விட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். குலாம் ரசூல் சார்தான் வார்டன். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கீழ்பென்னாத்தூரில் அவர் வீட்டிலிருந்து, விசேஷத்துக்கு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டை சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவந்தார். நிலாவைக் கட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. சகன் என்பார்கள் அதை.

"ஏழு கை நுழையும்டா கருப்பா" என்றார் என்னைப் பார்த்து.

சார் ஒருவர், பையன்கள் ஆறு பேர். ஒரே சோறு, ஒரே குழம்பு. இதில் ஒருவன் படிப்பை விட்டால் மற்றவர்கள் அவன் ஊருக்கே போய்க் கூட்டிவர வேண்டும். அதுதான் பேச்சு. சோறு போட்டாயிற்று. ஆறு பையன்களில் ஒருவன், அப்பாதுரை, எழுந்துவிட்டான்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வூட்டுல சேக்காது சார்."

சார் அவனைப் போக விட்டார். என் பக்கம் திரும்பினார். "கரண்டிய கீழ வையி. வந்து உக்காரு."

"நான் படிச்சவன் இல்லியே சார்."

"தட்டு அதையா கேக்குது?"

உட்கார்ந்தேன். சாப்பிட்டதும் ஒரு நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு வார்டன் ரூமிலிருந்து ஸ்டாம்ப் பேடு வந்தது. கட்டைவிரலில் ஊதா மை மூன்று நாள் இருந்தது. அரிசி களையும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேன்.

19 ஜூலை

சரவணகுமார் அந்த நோட்டின் முதல் பக்கத்தை போனில் காட்டினார். ஆறு கையெழுத்து. அதற்குக் கீழே என் விரல்.

"இங்க மை கொட்டியிருக்கு பாருங்க. விழா மலர்ல போடும்போது சுத்தம் பண்ணிடலாம். அன்னிக்கு உக்காந்தவங்கள்ல இப்ப இருக்கிற ரெண்டு பேருக்கும் சரியா ஞாபகம் இல்ல, ஏழாவது அப்பாதுரை சாராத்தான் இருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. அவரைக் கேட்டா பேசாம எழுந்து போயிடறாரு."

படித்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறவர்கள். விரலைப் பார்த்தால் மை கொட்டியது போலத்தான் தெரியும்போல.

அவர் தெரு முனை திரும்பும் வரை எழிலரசி பொறுத்திருந்தாள். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா மாமா? உங்க பேரு கல்லுல வர்றது உங்களுக்குக் கசக்குதா?"

கசக்கவில்லை. ஆனால் இதுவரை அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. தட்டிலிருந்து எழுந்த வெட்கத்தில் அப்பாதுரை கல்லூரிக்கே வரவில்லை. ஊரில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போய்விட்டான். பேசின பேச்சுப்படி நாங்கள் ஏழு பேரும் போனோம். செடியும் கையுமாக நின்றவனிடம், "சோறு ஆறுது, வா" என்றேன். வந்தான். அன்றைக்குத் தட்டில் உட்கார்ந்தவன்தான், இந்த ஐம்பது வருஷத்தில் எழுந்ததே இல்லை. படிப்பை விட்ட எத்தனை பிள்ளைகளை ஊர் ஊராகப் போய்க் கூட்டிவந்திருக்கிறான். அவனைப் பார்த்து, நீ அன்றைக்கு எழுந்தவன் என்று இப்போது போய்ச் சொல்வதா? நான் ஏழாவது என்றால் அதையும் சொன்ன மாதிரிதானே?

"எழுதறதை நிறுத்தட்டுமா?" என்கிறாள். நிறுத்து.

2 ஆகஸ்ட்

சாரைப் பார்க்கப் போனேன். ஆறு மாசமாக அவருக்கு யாரையும் தெரியவில்லை. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆனபிறகும் இருபது வருஷம் அந்த முன்னறையில் வந்தவனுக்கெல்லாம் பாடம் சொன்னவர். சுவரில் கரும்பலகை அப்படியே இருக்கிறது. மூலையில் யாரோ போட்ட கணக்கு ஒன்று அழியாமல் நிற்கிறது. அவர் பெண் மஹீன் அதை மட்டும் துடைக்க விடுவதில்லையாம்.

சார் என்னை உற்றுப் பார்த்தார். "எந்த க்ளாஸ்ப்பா நீ?"

"பெயில் சார்" என்றேன்.

"பரவால்ல. திரும்ப எழுதலாம்."

மஹீன் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவரோ எங்கேயோ தூரத்தில், வகுப்பில் இருக்கிறார்.

11 ஆகஸ்ட்

கல் வந்துவிட்டதாம். இருபத்து நாலாம் தேதி ஐம்பதாவது வருஷத் தட்டு, அதற்குப் பிறகு வெட்டுவார்களாம். அப்பாதுரையின் பெயர் என்றே வைத்துக்கொள்ளட்டும். ஊதா விரலை நான் பார்த்தாயிற்று, போதாதா?

போதும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். போதவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சாரால் வெளியே வர முடியாது என்பதால் அவர் வீட்டிலேயே தட்டு. அதே சகன். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். முதல் நாள் உட்கார்ந்தவர்களில் வந்தவர்கள் இரண்டு பேர். மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாதுரை, சரவணகுமார், மன்றத்தில் புதிதாய்ச் சேர்ந்தவர் ஒருவர், சார் — ஆறு பேர் உட்கார்ந்தார்கள். நான் பின்கட்டில் சட்டியிலிருந்து குழம்பை வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பழக்கம்.

சார் தட்டில் கையே வைக்கவில்லையாம். "சாப்பிடுங்க அத்தா" என்று மஹீன் இரண்டு தடவை சொன்னது எனக்குக் கேட்டது. அப்புறம் சாரின் குரல் வந்தது. வார்டன் குரல். ஐம்பது வருஷம் முந்தின குரல்.

"ஒரு கை கம்மியா இருக்கு. கருப்பன் எங்க? கரண்டிய கீழ வெச்சிட்டு வரச் சொல்லு."

கரண்டியைக் கீழே வைத்தேன். 

உள்ளே போனபோது அப்பாதுரை நகர்ந்து, தன் பக்கத்தில் கையால் தட்டினார். "உங்க எடம்ணே."

உட்கார்ந்தேன். சார் சோற்றில் கை வைத்தார். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். சரவணகுமார் மட்டும் சாப்பிட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்குள்ளே ரேகை இருக்கும். இருந்திருக்கும்.

25 ஆகஸ்ட்

காலையிலேயே அப்பாதுரை வந்தார். ரொம்ப நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"ஏண்ணே சொல்லல?"

"நீ ஏன்ப்பா சொல்லல?"

"வெக்கம். ஐம்பது வருஷமா வாய் வரைக்கும் வரும். என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடச் சொல்லிட்டேன்."

"எடுத்தா என் பேரும் வேணாம். ஆறு பேரோட நிக்கட்டும்."

"அது ஏழு பேர் தட்டுண்ணே."

"ஒரு மாசம் தள்ளி எட்டு பேரா சாப்ட்டமே, நுழையலையா?"

அப்பாதுரை டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

14 செப்டம்பர், ஞாயிறு

எழிலரசியோடு ஹாஸ்டலுக்குப் போனேன். தூறல் விட்டு மலை கழுவினமாதிரி நின்றது. கல் ஈரமாக இருந்தது. பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டவில்லை, தட்டைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். அப்பாதுரை போட்டுக் கொடுத்த படமாம். முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

"உங்க பேரு எதுன்னு காட்டட்டா மாமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். விரலால் வட்டத்தைத் தடவிக்கொண்டு வந்தேன். எண்ணத் தெரியும். எட்டு இருந்தது.