மலையேறி வந்த மருந்துப் பெட்டி

வட்டகொடை
12.7.1963

அன்பு மகன் முத்துலிங்கத்துக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை பூரணி மூவரும் சுகம். நீ தரையில் இருக்கிற நாளும் ஆகாயத்தில் இருக்கிற நாளும் சுகமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். சென்னையிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. இரண்டு விமானக் கம்பெனிகள் பைலட் வேலைக்குக் கூப்பிடுவதாகவும், ஒன்றில் சம்பளம் கூடுதல் ஆனால் நோயில் படுத்தால் சம்பளமும் இல்லை, வைத்தியமும் நம் செலவு என்றும், மற்றதில் சம்பளம் குறைவு ஆனால் டாக்டர் வீட்டுக்கே வருவார், நாளைக்கு உனக்கு வருகிறவளுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே பார்ப்பார் என்றும் எழுதி, எதில் சேரட்டும் என்று கேட்டிருந்தாய். அப்பா கூடுதல் சம்பளத்தைச் சொன்னார். நானும் தலையாட்ட இருந்தேன், அதற்குள் பூரணி காய்ச்சலில் விழுந்தாள்.

பயப்படாதே, இப்போது கஞ்சி வேண்டாம் சோறு போடு என்று சண்டை பிடிக்கிறாள். ஆனால் அன்றைக்குப் பிள்ளை பிதற்றத் தொடங்கிவிட்டது. நம் தேயிலைத் தோட்டத்துச் சட்டம் உனக்குத் தெரியும், நோயாளி தானே கீழே மருந்துக்கடைக்கு நடந்து போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அப்பா ஓடிப்போய்க் கூப்பிட்டதற்கு, வராத ஆளுக்கு நான் எப்படி மருந்து குடுக்கிறது என்று கேட்டாராம் மருந்துக்காரர். எனக்கு வந்த ஆத்திரத்தில் விடிந்ததும் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்குப் போய், எம்புள்ளையைப் பார்க்காம நான் கொழுந்து பறிக்கப் போகமாட்டேன் என்று நின்றேன். வேலைக்கு வந்த பொம்பளைகள் அத்தனை பேரும் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். தோட்டத்துப் பெரிய துரையே வந்தார். எம்மகன் பிளேன் ஓட்டப் போறானுங்க துரை, அவன் படுத்தா டாக்டரு வீடு தேடி வருவாராம், இங்க நடுங்கிக் கெடக்கிற புள்ளைதான் எந்திரிச்சு நடக்கணுமா என்று கேட்டேன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அதைத் தணித்து இங்கிலீசில் சொல்லப் பார்த்தார், துரைக்குத் தமிழ் விளங்கும் என்பதை மறந்துவிட்டார். எந்தக் கம்பெனி என்று துரை என்னையே கேட்டார். ரெண்டும் கூப்பிடுது, நான் இன்னும் முடிவு சொல்லலீங்க என்றேன். துரை சிரித்துவிட்டார்!

அப்புறம் பார்க்க வேண்டுமே, மருந்துக்காரர் பெட்டியும் குடையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு நம் லயத்து வீட்டுக்கு ஏறி வந்த அழகை. ஊசி போட்டார், மறுநாள் கூப்பிடாமலே வந்து பார்த்தார். இனி நடக்க முடியாதவரை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று துரை உத்தரவு. நேற்று மேல் லயத்து ராசம்மாவின் பிரசவத்துக்கும் மருத்துவச்சி ஏறிப் போனாள். எனக்குக் கால் தரையில் இல்லை மகனே, உனக்குச் சமமாய்ப் பறக்கிறேன்.

அதனால் என் முடிவு இரண்டாவது கம்பெனி. அப்பாவும் ஒப்புக்கொண்டுவிட்டார். நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. கையெழுத்துப் போடுமுன், எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் டாக்டர் வருவாரா என்று மறக்காமல் வாய்விட்டுக் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. கொழுந்து பறிக்கிற உன் தங்கைக்கே மருந்துக்காரர் மலையேறி வந்துவிட்டார்.

நீடூழி வாழ்க.
உன் அம்மா,
வேலாயி