வேலியில் ஒடித்த இரண்டு கள்ளி

மாசி 9, வெள்ளிக்கிழமை

நாளை ஸ்ரீவில்லிபுத்தூரில் பேத்தி யாழினிக்குப் பேச்சுப் போட்டி. வேறு கிரகத்தில் உயிர் இருந்தால் அது இங்குள்ளதைப் போலவே இருக்குமா என்பது தலைப்பு. இருக்கும் என்று பேசப் போகிறாள்.

சாயங்காலம் வேலியில் இரண்டு கள்ளியை ஒடித்துக் காட்டினேன். சதுரக்கள்ளியில் பால் வடிந்தது. சப்பாத்திக்கள்ளியில் வெறும் கொழகொழப்புதான்.

"ஏட்டி, ரெண்டும் சொந்தமே இல்ல. ஒரே வெயிலு, அதான் ரெண்டும் இலைய விட்டுட்டு முள்ளா நிக்கு. வேற கிரகமானாலும் வெயிலு இதே மாதிரின்னா அங்கயும் இப்படித்தானே நிக்கும்."

"எங்க சாரே இதச் சொல்லல ஆச்சி" என்று எழுதிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அதோடு வாயை மூடியிருக்கலாம். ராத்திரி அவள் தோசை சாப்பிடும்போது, "ஆனா ரெண்டும் இந்தப் பூமியில முளைச்சதுதானே? அங்க மண்ணே வேறயா இருந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

"நடுவரா நீங்களே வந்து உக்காருங்க" என்றாள். சிரிக்கவில்லை. அரைத் தோசையோடு எழுந்துவிட்டாள்.

பதில் எனக்கும் தெரியாது. நடுவரும் அதையே கேட்டால் பிள்ளை மேடையில் என்ன செய்வாள்?

அடுத்த அறையில் பேசிப் பார்க்கிறாள். இப்போது, "மண்ணே வேறாக இருந்தால்?" என்று அவளே சத்தமாகக் கேட்கிறாள். என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று, எழுதுவதை நிறுத்திக் காது கொடுக்கிறேன்.