யாகோப்பு சுவாமிக்கு நான் வைத்த விசாரணைக் குழு

சேசு மரி சூசை துணை

எசன்,
17.01.1993

அன்பு மகள் கிறிஸ்ரினாவுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் பனி வந்தால் முறைப்பாடு வைக்கிறது, அதையும் அவர் என்னிடம்தான் கொண்டுவருகிறார். நீ அந்த மொன்றியல் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று செபமாலையில் உனக்கென்று ஒரு பத்து மணி கூடுதலாகச் சொல்லி வருகிறேன். உன் கடிதம் மூன்று இராசாக்கள் திருநாளன்று கிடைத்தது. எட்டுப் பக்கம், அதில் ஒரு பக்கம் உன் சுகம், மிச்சம் ஏழும் யாகோப்பு சுவாமிக்கு வக்காலத்து. அவருக்கு எழுபத்தெட்டு வயதாம், கண் பார்வை மங்கிவிட்டதாம், சத்திரசிகிச்சைக்காக இங்கே பக்கத்து ஊரான வுப்பர்டாலில் பெறாமகன் வீட்டில் வந்து நிற்கிற மனிதரை அம்மா ஒன்றும் செய்துவிடக் கூடாதாம். மகள், உன் கடிதம் பிந்திவிட்டது. செய்ய வேண்டியதை நான் டிசம்பர் இருபதாம் திகதியே செய்துவிட்டேன்.

நீ விஞ்ஞானத்தின் வரலாறு படிக்கப் போனதிலிருந்து உனக்கு எந்தக் காரியத்துக்கும் இரண்டு பக்கம் தெரிகிறது, எனக்கு ஒரு பக்கம்தான் தெரிகிறது, அது என் பக்கம். கலிலேயோவை முழங்காலில் வைத்தது வேதாகமம் மட்டும் அல்ல, பழைய கிரேக்கத் தத்துவமும்தான் என்று எழுதியிருக்கிறாய். வானத்தில் உள்ளதெல்லாம் மாசு மறுவற்றது என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்களுக்கு, நிலவில் மேடு பள்ளம் இருக்கிறது என்று ஒருவன் ஒரு குழாய்க்குள்ளால் பார்த்துச் சொன்னால் கோபம் வராதா என்று கேட்கிறாய். பிறகு அதே விசுவாசம்தான் விஞ்ஞானத்துக்குப் பாலும் கொடுத்தது என்கிறாய், கடவுள் ஒழுங்காகத்தான் படைத்திருப்பார் என்று நம்பியபடியால் கெப்ளர் அந்த ஒழுங்கைத் தேடிப் போனார், செப நேரம் தவறக்கூடாது என்ற கவலையில் மடங்கள் மணிக்கூட்டை வளர்த்தன, பட்டாணிச் செடிகளை எண்ணி எண்ணிப் பரம்பரையின் கணக்கைக் கண்டவர் ஒரு துறவி என்று அடுக்கிக்கொண்டு போகிறாய். எல்லாம் வாசிக்க நன்றாகத்தான் இருந்தது, உன் எழுத்தும் வடிவாகியிருக்கிறது. ஆனால் கடைசியில் யாகோப்பு சுவாமியையும் கூட்டிவந்து அந்த வரிசையில் இருத்திவிட்டாயே. உங்களை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியதே அவர்தானே அம்மா, பள்ளிக்கூட வளவில் மழைமானி வைத்து மாரி முழுவதும் அளந்து எழுதியதும் அவர்தானே என்கிறாய். ஓம், அவர்தான். ஊட்டின கைதான் அடித்தது. ஊட்டாத கை அடித்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். அந்தக் கெப்ளரின் தாயைச் சூனியக்காரி என்று பதினாலு மாதம் அடைத்து வைத்தபோது அவர் தன் வேலைகளைப் போட்டுவிட்டு இந்த ஜேர்மனிக்கு வந்து தாய்க்காக வழக்காடினார் என்று நீதான் இரண்டு வரி எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வரியையும் நான் நாலு தரம் வாசித்தேன். அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளை, நீயும் ஒரு தாய்க்குப் பிள்ளை, வேறொன்றும் நான் சொல்லவில்லை.

உனக்கு அப்போது ஆறு வயது, ஆகவே நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். எழுபத்தைந்தாம் ஆண்டு மார்கழி, மன்னாரில் மழை விடாமல் அடித்த கிழமை. ஞாயிற்றுக்கிழமை விடிய, பூசை காணாமல் கடலுக்குப் போன பதினொரு பேர் திரும்பவில்லை. அடுத்த நாளே கோயிலில் மாதாவின் சலவைக்கல் சுரூபத்தில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. மாதா அழுகிறா, பூசையை விட்டுப் போனவர்களின் பாவத்துக்காக அழுகிறா என்று சனம் பஞ்சோடு வந்து ஒற்றி எடுத்தது, சுவாமி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் பயந்துபோய் இருந்தார்கள். நான் மீன்வாடியில் ஐஸ் வாங்கிவந்து செம்பில் போட்டு, அதற்குள் சிவப்பு மையும் ஊற்றி மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் செம்பின் வெளிப்பக்கம் துளி துளியாய் நனைந்தது. உள்ளே இருப்பது சிவப்பு, வெளியே வந்திருப்பது நிறமில்லாத வெறும் தண்ணீர், அப்படியானால் இது செம்புக்குள் இருந்து வரவில்லை, காற்றில் இருந்துதான் வந்திருக்கிறது, குளிர்ந்த பொருளில் ஈரக் காற்றுப் பட்டால் இதுதான் நடக்கும் என்று சொன்னேன். மாதா என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. முன்வாங்கில் இருந்த பிறேமா, தகப்பனைக் கடல் கொண்டுபோன பதினொரு வயதுப் பிள்ளை, மணி அடித்ததும் சுவாமியின் அறைவீட்டுக்கு ஓடினாள். அந்த ஓட்டத்தை நான் யன்னலால் பார்த்தேன்.

மறுநாள் காலை முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால், மழை ஈரம் காயாத மணலில், சுரூபம் இருந்த பக்கம் பார்த்து என்னை முழங்காலில் இருத்தினார், பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பாக இருந்த சுவாமி. பிறகு ஒரு கடிதம் தந்தார், சிறு பிள்ளைகளின் விசுவாசத்துக்கு இடறலாக இருந்தபடியால் விலக்கப்படுகிறீர் என்று. வீட்டுக்கு வந்தபோது நீ என் சேலையில் மணலைப் பார்த்து விழுந்துவிட்டீர்களா அம்மா என்று கேட்டாய், ஓம் என்று சொன்னேன். அதன்பின் எந்தப் பள்ளிக்கூடமும் என்னை எடுக்கவில்லை. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக அறை கூட்டித் துடைக்கிறேன், அது உனக்குத் தெரியும். அந்த இடறல் கடிதத்தைப் பதினேழு வருடமாக, இப்போது அகதி விண்ணப்பத்தோடு ஒரே உறையில், வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. பிறேமாவையும் நான் விடவில்லை. அவள் ஆறு வருடத்துக்கு முன் இங்கே ஹம் நகரத்துக்கு வந்து பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்குப் போன் எடுத்து, ஆய்வுகூட உதவியாளர் அவுஸ்பில்டுங்குக்கு, அந்தத் தொழிற்பயிற்சியில் சேர, ஒரு சோதனை இருக்கிறது, பௌதிகம் கொஞ்சம் சொல்லித் தருவீர்களா ரீச்சர் என்று கேட்டாள். சுவாமியிட்டைப் போய்க் கேள் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

போன ஒக்டோபர் கடைசியில் இங்கத்தைப் பேப்பரில் கலிலேயோவின் செய்தி வந்தது, திருச்சபை பதினொரு வருடம் குழு வைத்து ஆராய்ந்து, முந்நூற்று ஐம்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, அவருக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள் பிழைவிட்டார்கள் என்று பாப்பரசர் ஒப்புக்கொண்டாராம். நான் அதை வெட்டி எடுத்துக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டினேன். அடுத்த கிழமையே யாகோப்பு சுவாமி வுப்பர்டாலுக்கு வந்திருக்கிறார், நத்தாருக்கு முந்தின ஞாயிறு எசன் மண்டபத்தில் மாலை போட்டு வரவேற்கப் போகிறோம் என்று சங்கத் தலைவர் வின்சன்ற் போன் எடுத்தார். ஆண்டவர் பழிவாங்குகிறவர்களுக்கும் நாள் குறித்துக் கொடுப்பார் மகள். ஒரு மாதம் நான் வேறு வேலை செய்யவில்லை, பேசவேண்டியதை ஐந்து பக்கம் எழுதிப் பாடமாக்கினேன். அப்பா என் குளிர்ச் சட்டையை ஒளித்து வைத்துப் பார்த்தார். உனக்கு விசர் டொறத்தி, குருடாகிப் போற மனிசனோடை என்ன மல்லுக்கட்டு என்றார். நான் சட்டை இல்லாமலே படியிறங்கினேன், அவரே பின்னால் கொண்டு ஓடிவந்தார்.

ஒரு பையில் செம்பு, ஐஸ் கட்டி, சிவப்பு மை, அந்தக் கடிதம். அன்றைக்கு என்ன செய்தேனோ அதையே அவருக்கு முன்னால் திரும்பச் செய்து காட்டுவது என்பது என் திட்டம். ஆனால் நான் செய்து காட்ட ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. வெளியே உறைகுளிர், உள்ளே நூற்றைம்பது பேரின் மூச்சு, சமையலறையில் சோற்றுக் கிடாரம், மண்டபத்து யன்னல் எல்லாம் உள்பக்கமாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சுவாமி மாலையோடு யன்னல் ஓரமாக இருந்தார், பாதியாக வற்றிப்போன மனிதர். வின்சன்ற் பேசி முடித்ததும் நான் எழும்பி முன்னால் போனேன். ஆர் இது என்று கேட்டார். டொறத்தி, எழுபத்தைந்தாம் ஆண்டு என்றேன். அவர் கையை நீட்டி யன்னலைத் தடவி, நனைந்த விரலைக் கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்துப் பார்த்து, ரீச்சர், யன்னலும் அழுகுது என்றார். மைக்கிலை சொல்லுங்கோ சுவாமி என்றேன்.

சொன்னார். அதை நான் மறைக்கப் போவதில்லை. டொறத்தி ரீச்சர் சொன்னது சரி, அது வெறும் தண்ணி, எனக்கு அண்டைக்கே தெரியும், பதினொரு வீட்டிலை செத்தவீடு, சனத்தோடை சேந்து அழ ஒரு ஆள் வேண்டியிருந்தது என்றார். உன் படிப்பின்படி இதற்கும் ஒரு விளக்கம் இருக்கும், சனத்தின் துக்கமும் ஒரு பண்பாடு, அது அறிவுக்கு வழி விடுவதும் உண்டு, மறிப்பதும் உண்டு என்று எழுதுவாய். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நீங்கள் அழுதிருக்கலாமே சுவாமி, மாதாவை ஏன் அழவைச்சனீங்கள் என்று கேட்டேன். அவர் கையைக் கூப்பி, என்னை மன்னிப்பியளோ ரீச்சர் என்றார். மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்தது, அப்பா குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். நான் சொன்னேன், திருச்சபை ஒரு மன்னிப்புக்குப் பதினொரு வருசம் குழு வைச்சது சுவாமி, நானும் ஒரு விசாரணைக் குழு வைக்கிறன், முடிவு வந்ததும் அறிவிப்பன். எழுபத்தெட்டு வயது மனிதருக்கு. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தபோது என் உடம்பு பஞ்சுபோல இருந்தது, பொய் சொல்லமாட்டேன், அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

கோப்பி எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே பிறேமா சோற்றுக் கிடாரத்தடியில் அகப்பையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். உனக்கும் ஒரு பங்கு இருக்குது, கேட்டுக்கொண்டு போ என்ற மாதிரி எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரீச்சர், நான் கோள் சொல்ல ஓடேல்லை, அப்பா ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனதாலைதான் மாதா அழுகிறா எண்டு சனம் எங்கடை வாசல்லை வந்து நிண்டு சொன்னது, அம்மா அஞ்சு நாள் கதவு திறக்கேல்லை, நீங்கள் செம்பைக் காட்டினவுடனை எனக்கு விளங்கீட்டுது, அது தண்ணி, அப்பாவிலை ஒரு பிழையும் இல்லை, அந்தப் புளுகத்திலை, சந்தோசம் தாங்கேலாமல்தான் சுவாமியிட்டைச் சொல்ல ஓடினனான் என்றாள்.

மகள், என் வாழ்க்கையில் நான் படிப்பித்த பாடங்களில் ஒரு பிள்ளைக்கு அப்படி விளங்கிய பாடம் வேறு இல்லை. அந்தப் பிள்ளையைத்தான் நான் பதினேழு வருடம் பகையாளியாக வைத்திருந்தேன். சுவாமி என்னை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கினார், நான் அவளைப் போனிலேயே விலக்கினேன், எனக்காவது ஒரு கடிதம் கிடைத்தது. சுவாமி மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறு கணக்கு. வெள்ளிக்கிழமை அவருக்குக் கண் சத்திரசிகிச்சை, அப்பாவிடம் சூப் கொடுத்து அனுப்புவேன், மன்னிப்பு அதற்குள் இருக்காது. ஆனால் அன்றைக்குச் சமையலறையில் நின்றபடியே பிறேமாவிடம் கேட்டேன், வயது இன்னும் போகவில்லை, திரும்ப விண்ணப்பம் போடு, சனிக்கிழமை சனிக்கிழமை நான் ரயில் எடுத்து ஹம்முக்கு வந்து சொல்லித் தருகிறேன் என்று. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அகப்பையைத் திரும்பக் கிடாரத்துக்குள் விட்டாள். யோசிச்சுச் சொல்லுறன் ரீச்சர் என்றாள்.

நான்கு கிழமை ஆகிறது. நான் பள்ளிக்கூடத்து வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன், போன் அடித்தால் அப்பாவை எடுக்க விடுவதில்லை.

காலுக்கு இரண்டு சோடி மேசு போட்டுக்கொள், இரவில் தலையை ஈரத்தோடு விட்டுப் படுக்காதே, கட்டுரை கட்டுரை என்று சாப்பாட்டை விடாதே. உன் புத்தகங்களில் பௌதிகம் அடியிலிருந்து சொல்லித் தருகிற ஒன்று இருந்தால், ஆங்கிலமானாலும் பரவாயில்லை, மறக்காமல் விரைவில் அனுப்பிவை, நான் தமிழில் எழுதி வைக்கிறேன். மடு மாதா உன் போக்கிலும் வரவிலும் கூட இருப்பாவாக, அப்பாவின் முத்தங்களும் இதோடு வருகின்றன.

உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
டொறத்தி றெஜினோல்ட்