கடைசி வீட்டு அடிபம்பு

இன்று காலை உங்கள் தெருவின் இரு ஓரங்களிலும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். உங்களோடு வேலை பார்த்தவர்கள் செய்த கடைசி மரியாதை. அந்தக் குளோரின் நெடி மூக்கில் ஏறியதும், மாலையும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே வரவில்லை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அது முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஒரு தெருவில் குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நீங்கள் குடிநீரைச் சோதிக்கும் அதிகாரி, நான் செய்தியாளன். தெருமுனையில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய குழாயில் கொஞ்சம் பிடித்து, கண்ணாடிக் குழலில் இரண்டு சொட்டு மருந்து விட்டீர்கள். மஞ்சளானது. "குளோரின் இருக்கு, எழுதிக்குங்க சார்" என்று ஜீப்பை நோக்கி நடந்தீர்கள். எந்தத் தெருவானாலும் முதல் குழாயோடு உங்கள் வேலை முடிந்துவிடும்.

கடைசி வீட்டுத் தனம் ஓடிவந்து மறித்தாள். அவள் தோளில் ஒன்றரை வயது மகள் துவண்டு கிடந்தாள்.

"இன்னா சார், மொத கொயாய்லயே புட்ச்சிகினு பூட்றே? எங்க வூட்டு பம்புல வந்து புடி. மொத கொடம் ஒரே கப்பு."

"ஒரே பைப்பு, ஒரே தண்ணிதாம்மா. கொழந்தைக்குப் பல்லு மொளைக்குது, அதான்."

"அதெப்டி சார், கடசி ஆறு வூட்டுக்கு மட்டும் ஒண்ணா பல்லு மொளைக்குது?"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

'தண்ணீரில் குறையில்லை' என்று மறுநாள் என் செய்தி வந்தது. அதைக் காட்டி, அந்தத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த லாரித் தண்ணீரையும் நிறுத்தினீர்கள்.

அவள் கேள்வி உறுத்தியதால் மூன்றாம் நாள் திரும்பப் போய் வீடு வீடாக விசாரித்தேன். முன்வீடுகளில் ஒரு குழந்தைக்கும் ஒன்றுமில்லை. குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்துக்கு அப்பால்தான் எல்லாம். அங்கேயும் தாய்ப்பால் மட்டும் குடித்த பச்சைக் குழந்தைகள் தப்பியிருந்தன. புட்டிப்பாலுக்கும் கஞ்சிக்கும் வந்தவைதான் சுருண்டு கிடந்தன. சாக்கடைக்குள் குழாய் வெடித்திருந்தால், தண்ணீர் வராத நேரத்தில் அதே குழாயில் மாட்டிய அடிபம்பை அடிக்கும்போது, அது வெடிப்பு வழியே சாக்கடையைத்தான் உறிஞ்சும். தனம் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தேன். சொட்டு விட்டீர்கள். மஞ்சளாகவில்லை. "பாட்டிலைச் சரியா கழுவியிருக்க மாட்டீங்க" என்று கொட்டிவிட்டீர்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் குழாய் வேலையாட்கள் வந்து அந்த இடத்தைத் தோண்டினார்கள். குழாயின் இணைப்பு சாக்கடைக்குள் வாய் பிளந்து கிடந்தது. அதற்குள் தனத்தின் மகள் போய்விட்டாள். நீங்கள் அந்தப் பக்கம் வரவேயில்லை. நான் போனேன். தனம் அழவில்லை.

"அவரு மஞ்சளக் காட்னாரு, நீ எய்திகினு பூட்டே. கடசி வூடு வரைக்கும் நடக்க ரெண்டு பேருக்கும் காலு இல்லியா நைனா?"

நீங்கள் பதவி உயர்ந்தீர்கள், ஓய்வு பெற்றீர்கள், வழியில் பார்த்தால் கை கூப்பினீர்கள். நான் எந்தத் தெருவுக்குப் போனாலும் கடைசி வீட்டில் தொடங்கி முன்னே வருகிறேன். அதனால் ஒன்றும் திரும்பி வந்துவிடவில்லை. தனம் கேட்ட கேள்வியில் பாதி உங்களுடையது என்று இத்தனை வருடம் தள்ளிவைத்திருந்தேன். மாலையை உங்கள் வாசல் கேட்டில் மாட்டிவிட்டு நடந்தபோது, அந்தப் பாதியும் என் பின்னாலேயே வந்தது.