லீசைச் சுட்ட பக்கம்

பாரிஸ், 8 பிப்ரவரி 1971

அன்புள்ள குளோவிஸ்,

நலமா? வீட்டுக்காரி ஒதிலுக்கு என் அன்பைச் சொல். நம் சித்திரக்கதையின் முப்பத்தொன்று, முப்பத்திரண்டாம் பக்கங்களுக்கான ஸ்கிரிப்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மேற்கொண்டு என்ன நடக்கும் என்று தெரிந்தால் கை சோம்பிவிடும் என்று அடம்பிடிக்கிறவனாயிற்றே நீ. தான் வரையும் கதையின் முடிவு தெரியாத ஓவியன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். அதனால் இந்த முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்திரண்டைப் படிக்குமுன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடு.

வானொலியில் கூப்பிட்டிருந்தார்கள். "கேப்டன் தார்வோவைப் படைத்தவர்" என்று ஒரேயடியாகத் தூக்கி வைத்தார்கள். "அவனுக்கு மூஞ்சி கொடுத்தவன் தியெப்புல உக்காந்து மீன் தின்னுக்கிட்டிருக்கான், அவனைக் கூப்பிடுங்கப்பா" என்றேன். சிரித்தார்களே தவிர உன் முகவரியை யாரும் கேட்கவில்லை.

பக்கங்கள் இருபதாம் தேதிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

உன்,
எவரிஸ்த்


தியெப், 11 பிப்ரவரி

எவரிஸ்த்,

முப்பத்திரண்டைப் படித்தேன். லீசைச் சுட்டுவிட்டாய்.

தப்பாகப் படித்தேனோ என்று திரும்பப் படித்தேன். தார்வோவுக்கு வைத்த குறி தவறிக் குண்டு அவள்மேல் பாய்கிறது, துறைமுகப் பாலத்தில் விழுகிறாள், செத்துப்போகிறாள். ஆறு கட்டத்தில் முடித்துவிட்டாய்.

யாரைக் கேட்டு இதைச் செய்தாய்? தார்வோவைக் கொல்லு, கப்பலைக் கொளுத்து, நான் ஏனென்று கேட்கமாட்டேன். அவளை மட்டும் விட்டுவிடு. இதை என்னால் வரைய முடியாது. வேறு பக்கம் எழுதி அனுப்பு.

குளோவிஸ்


பாரிஸ், 14 பிப்ரவரி

அன்புள்ள குளோவிஸ்,

உன் கடிதத்தைப் பார்த்து ஆடிப்போனேன். இத்தனை வருஷத்தில் ஒரு கமாவைக்கூட நீ மாற்றச் சொன்னதில்லை. என் தொழிலை எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாயா என்று கோபம்கூட வந்தது, மறைப்பானேன்.

சரி, கேட்டதால் சொல்கிறேன். இதற்குக் காரணமே நீதான். சித்திரக்கதையில் யாருக்காவது வயசாகுமா? தார்வோ அன்றைக்கும் முப்பது, இன்றைக்கும் முப்பது. அவன் நாய்க்குக்கூட ஒரு முடி நரைக்கவில்லை. லீஸ் மட்டும்? மீன் கூடையோடு வந்த வாண்டு, நீ வருஷா வருஷம் வளர்த்து வளர்த்து இன்றைக்குக் கல்யாண வயசுப் பெண்ணாக நிற்கிறாள். "கேப்டன் இவளைக் கட்டிக்கப்போறாரா இல்லையா?" என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். ஆசிரியர் என்னைப் பிடுங்கி எடுக்கிறார். உன் கை தன்னை மறந்து ஓடுகிறது என்று நினைத்தேன். சொன்னால் மனசு நோவாய் என்றுதான் கதையிலேயே ஒரு வழி செய்தேன்.

ஒரு காகிதப் பெண்ணுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா, அப்பனே?

எவரிஸ்த்


தியெப், 16 பிப்ரவரி

எவரிஸ்த்,

என் கை எதையும் மறக்கவில்லை.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். மத்தில்த். உன்னோடு வேலை செய்யத் தொடங்கியதற்கு முந்தைய குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டாள். பதினொரு வயசு. உன்னிடம் சொல்லவில்லை. அப்போது நீ எனக்கு ஒரு பாரிஸ் முகவரி, அவ்வளவுதான். பிறகு சொல்ல வாய் வரவில்லை.

முதல் கதையில் "மீன் விற்கும் சிறுமி, ஒரு கட்டம்" என்று எழுதியிருந்தாய். பென்சிலை வைத்தேன், மத்தில்தின் முகம் வந்தது. வாசகர்களுக்குப் பிடித்துவிட்டது, நீயும் அவளைத் தொடர்ந்து எழுதினாய். அடுத்த வருஷம் அவளுக்குப் பன்னிரண்டு ஆக வேண்டும் இல்லையா? ஆக்கினேன்.

ஒவ்வொரு புதன்கிழமையும் கடையில் பத்திரிகையை முதலில் வாங்குவது ஒதில்தான். "முடியை வெட்டிக்கிட்டாளா? நல்லாத்தான் இருக்கு" என்பாள். அதற்குமேல் நாங்கள் பேசியதில்லை. வருகிற மாதம் ஒரு புதன்கிழமை அவள் கடை வாசலில் நின்றபடியே பத்திரிகையைப் பிரிப்பாள். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

குளோவிஸ்


பாரிஸ், 17 பிப்ரவரி

குளோவிஸ், என் நண்பா,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் அந்தப் பிள்ளையின் வாயில் நான் வேடிக்கை வசனமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அவளைக் கடத்தி உப்புப் பீப்பாயில்கூட அடைத்தேன், பாவி நான். நீ அதையும் வரைந்து அனுப்பினாய்.

உன்னை யார் மன்னிப்புக் கேட்கச் சொன்னது என்பாய். இருந்தாலும் கேட்கிறேன். ஆசிரியரிடம் சண்டை போட்டாயிற்று, அந்தப் பக்கம் ரத்து. குண்டு கூடையில் பட்டுத் தெறிக்கிறது, அவள் எழுந்து நிற்கிறாள். புதுப் பக்கம் இதோ. அவளுக்கு எண்பது வயசு ஆகும்வரை நீ வரை, நான் எழுதுகிறேன். ஒதிலுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

எவரிஸ்த்


தியெப், 19 பிப்ரவரி

அன்புள்ள எவரிஸ்த்,

உன் புதுப் பக்கம் கிடைத்தது. நன்றி. ஆனால் நீ முதலில் அனுப்பிய பக்கத்தைத்தான் வரைந்தேன், அச்சகத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

நான் மேஜையைத் தொடாமல் கிடப்பதைப் பார்த்து, உனக்குக் கடிதம் போட்ட செவ்வாய்க்கிழமை மாலை ஒதில் உள்ளே வந்து உன் ஸ்கிரிப்டை எடுத்துப் படித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. பிடுங்கப் போனேன், விடவில்லை. படித்து முடித்துப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வரைங்க" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"அன்னிக்கு என்னை வார்டுக்குள்ள விடலை. தொத்து நோய்னு கதவைச் சாத்திட்டாங்க. என் பொண்ணு எப்படிப் போனான்னு எனக்குத் தெரியாது. நீங்க வரைங்க, நான் கூட இருக்கேன்."

வரைந்தேன். மூக்கு அவ்வளவு கூர்மை இல்லை என்று ஒருமுறை திருத்தச் சொன்னாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

உன் எழுத்தில் ஒன்றை மட்டும் மீறிவிட்டேன், பொறுத்துக்கொள். கடைசிக் கட்டத்தில் லீஸ் பாலத்தில் தனியாகக் கிடப்பதாக எழுதியிருந்தாய். அங்கே ஒரு பெண் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்திருக்கிறாள். யார் என்று ஆசிரியர் கேட்பார். துறைமுகத்தில் நின்ற யாரோ ஒருத்தி என்று சொல்லிவிடு.

அவளுக்கு வசனம் எதுவும் எழுதிவிடாதே.

உன்,
குளோவிஸ்