முதல் சட்டம் எழுதிய கதவை அதன் அறையிலேயே வைக்கக் கோரி

அனுப்புநர்:
வழிகாட்டி, முதல் அவை நினைவு இல்லம்
(அவ்வீட்டைக் கொடுத்தவரின் மகள்)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகத் துறை, தலைநகர்.

பொருள்: நினைவு இல்லத்தின் கதவை அகற்றியதும், அதைக் காட்டும் ஓவியத்தைத் திருத்த முற்படுவதும் – தடுத்து நிறுத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் நாட்டின் முதல் அவை கூடியது மாளிகையில் அல்ல; எங்கள் வீட்டு முன்னறையில். அன்று எந்த மண்டபமும் அவை உறுப்பினர்களுக்குத் திறக்கவில்லை. என் அம்மா திறந்துவிட்டார். எழுத மேசை இல்லாமல் வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதும், “மேசைக்கு இப்ப எங்க போறது? சமையக்கட்டுக் கதவைக் கழட்டிப் போட்டுக்குங்க” என்றார். இரண்டு பீப்பாய்களின்மேல் அந்தக் கதவைக் கிடத்தித்தான் இந்நாட்டின் முதல் சட்டத்தை எழுதினார்கள்.

2. வந்தவர்களில் ஒருவர் ஓவியர். அவர் வரைந்த படம் இன்றும் அதே அறையில் தொங்குகிறது. கதவின் தாழ்ப்பாள், கீல், கரி படிந்த ஓரம் எல்லாம் அதில் உண்டு. பின்னால், கதவில்லாத வாசலுக்குள் அடுப்புப் புகையில் என் அம்மா முதுகைக் காட்டி நிற்கிறார். முகத்தைத் திருப்பச் சொன்னதற்கு, “பால் பொங்குது, நீங்க வரையிறத வரைங்க” என்று சொல்லிவிட்டாராம். அதன்பின் அந்தக் கதவை அவர் மறுபடி மாட்டவிடவே இல்லை. வீட்டை அரசுக்கு எழுதிக்கொடுத்தபோதும், கதவு அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்டார்.

3. புதிதாகப் பொறுப்பேற்ற இல்ல அலுவலர், கதவை எடுத்துவிட்டுச் சிங்கமுகக் கால்கள் வைத்த தேக்கு மேசையைப் போட்டிருக்கிறார். கதவு பின்கொட்டகையில் துடைப்பங்களோடு கிடக்கிறது. காரணம் கேட்டேன். “வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்கம்மா. கதவு மேல சட்டம் எழுதுனோம்னா சிரிக்க மாட்டாங்களா?” என்றார்.

4. அத்தோடு விடவில்லை. படத்தில் உள்ள கதவையும் மேசையாக மாற்ற ஓர் ஓவியரை வரவழைத்தார். வந்தவர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். கதவைக் காட்டச் சொன்னார். கொட்டகையில் குனிந்து அதைத் தடவிப் பார்த்தவர், “இந்தப் படத்துல நான் கை வைக்க மாட்டேம்மா” என்று பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறொருவர் அடுத்த வாரம் வருவதாகக் கேள்வி.

5. சென்ற ஞாயிறன்று குடும்பத்தோடு வந்த தச்சர் ஒருவர் படத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “படத்துல இருக்கிற கதவு எங்கேம்மா?” என்று கேட்டார். கொட்டகைக்கு அழைத்துப்போனேன். அன்றுமுதல் எல்லாரையும் அங்கே அழைத்துப்போகிறேன். இதற்காக அலுவலர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். என் விளக்கம் இந்த மனுதான்.

6. ஐயா, வசதி வந்தபின் மேசை வாங்காத நாடு ஏது? கையில் ஒன்றுமில்லாத நாளில் கதவைக் கழற்றிப் போட்டு எழுத உட்கார்ந்தவர்கள் நாம். இதை மறைக்க என்ன இருக்கிறது? மார்தட்டிச் சொல்லத்தான் இருக்கிறது.

ஆகவே ஓவியத்தில் எவரும் கைவைக்காதபடி உடனே தடை விதிக்குமாறும், கதவை முன்னறைக்குத் திருப்பித் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். இதற்கென ஆட்களை அனுப்பும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். ஒருவரி உத்தரவு போதும். தூக்கி வர எங்கள் தெருவே வாசலில் நிற்கிறது.

நாள்: இம்மாதம் 14
இடம்: நினைவு இல்லம், முன்னறை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வழிகாட்டி