பிளாஸ்க் மூடியைத் திருகினேனா

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. ஸ்டெல்லாவுக்குத் தொடை வெந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே இருக்கும் எங்கள் கடையில் தினமும் பிளாஸ்க்கில் டீ வாங்கிப் போகிற கம்பெனிப் பெண். இன்று ஷேர் ஆட்டோ பள்ளத்தில் இறங்கியதில், மடியிலிருந்த பிளாஸ்க் சாய்ந்து மூடி கழன்றுவிட்டதாம்.

கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் விடவில்லை.

"நீ போய் நின்னா, நம்ம மேலதான் தப்புன்னு ஒத்துக்கின மாதிரி ஆயிடும். நாளைக்கு கேஸு கீஸுன்னு வந்தா இன்னா பண்ணுவ? சூடு டீய மடியில வச்சிக்கினு போனது அந்தப் பொண்ணு."

அவர் சொல்வதும் நியாயம்தான். பிளாஸ்க்கும் அவளுடையது, பழசு. ஆனாலும் சாயந்திரம் இவரிடம் சொல்லாமல் போய் வந்தேன்.

ஸ்டெல்லா ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீதான் மூடிக் குடுத்தியாமே. நல்லா திருகினியா? அத்த மட்டும் சொல்லும்மா."

"திருகினேன்க்கா."

யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அந்த அம்மா தலையை ஆட்டினார்.

"அப்ப இவதான் கவனம் இல்லாம போயிருக்கா."

டீ ஊற்றியது நினைவிருக்கிறது. ஷிப்டுக்கு நேரமாகிறதென்று அவள் அவசரப்படுத்தியதும் நினைவிருக்கிறது. மூடியை எடுத்து வைத்தேன். திருகினேனா? தினமும் செய்கிற வேலை. இன்று செய்தது எது, நேற்று செய்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நாளை அவள் கண் விழித்ததும் அந்த அம்மா அவளைத்தான் திட்டுவார்.